அந்தத் தெருவில் நம் இசைத்தட்டு வேண்டாம்

செல்வம்,

உன் கடிதம் வந்தது. உன் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தாசில்தார் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் பெரிய வீட்டுச் சின்னவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்றும், கல்யாணத்தன்று உன்னையும் வளவனூர்ப் பெண்ணையும் பஸ் ரோட்டிலிருந்து தேரடித் தெரு வழியாகவே காலனிக்கு அழைத்து வரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். ஒரே நிபந்தனை, தெருவுக்குள் நம் ஆட்கள் மேளம் அடிக்கக் கூடாது. வேண்டுமானால் வண்டியில் ஸ்பீக்கர் கட்டி ரிக்கார்டு போட்டுக்கொள்ளலாம். "மாமாவோட பிளேட்டே அந்தத் தெருவுல பாடப்போவுது, உனக்குச் சந்தோஷந்தானேம்மா?" என்று கேட்டிருக்கிறாய். சந்தோஷம் இல்லை. படித்து முடித்ததும் கையில் இருந்த முறத்தைச் சுவரில் எறிந்தேன். அப்பாதான் சிதறிய கேழ்வரகைக் கூட்டி அள்ளினார். "நல்லதுதானே, கேட்டுட்டுப் போவட்டுமே," என்றார்.

கூட்டத்தில் உனக்கு நாற்காலி போட்டார்கள் என்று தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். ரயில்வேயில் வேலை பார்க்கிறவன், பேண்ட் போட்டவன், போட்டிருப்பார்கள். உட்கார நாற்காலி கொடுத்தவன் ஒன்று கேட்டால் முடியாது என்று சொல்ல நாக்கு புரளாது. எனக்கும் மிஷன் பள்ளியில் படித்தபோது அப்படித்தான் இருந்தது. அதற்காக உன்னைத் திட்டப்போவதில்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மாமா எப்படிச் செத்தான் என்று உனக்குத் தெரியும். அவன் சாகும்போது அந்தத் தெருவில் என்ன பாடிக்கொண்டிருந்தது என்று தெரியாது. அப்போது நீ விழுப்புரத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சின்னப் பையனிடம் எதற்கு என்று நானும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்குப் பலன், இன்று நீயே அந்தப் பிளேட்டை எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன் என்கிறாய்.

முதலில், உன் மாமா ஏழுமலையைத் தியாகியாக்காதே. அவன் என் தம்பி, எனக்குத் தெரியும். குடிப்பான். குடித்தால் பெண்டாட்டியை அடிப்பான். குழுவில் யாராவது தாளம் தவறவிட்டால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டில் குச்சியால் போடுவான். உன் அப்பா அவனுக்கு அக்கா புருஷன், அவரையே இரண்டு தடவை அடித்திருக்கிறான். "மாமா, நீ வூட்லதான் மாமா. ரோட்ல வந்தா எனக்கு ட்ரம்பெட்டு," என்பான். ஆனால் குச்சியைக் கையில் எடுத்தால் அவனைப் போல அடிக்கத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் ஆள் கிடையாது. சாவுக்கு அடிக்கிற பறையையும் கல்யாணத்துக்கு அடிக்கிற பேண்டு ட்ரம்மையும் ஒன்றாகச் சேர்த்தவன் அவன்தான். பாண்டிச்சேரியை விட்டுப் பிரெஞ்சுக்காரன் கிளம்பியபோது அங்கே பேண்டு வாசித்த ஒருத்தர் விற்றுவிட்டுப் போன ட்ரம்பெட்டை வாங்கிவந்து உன் அப்பா கையில் கொடுத்து, "ஊது" என்றான். எப்படி ஊதுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. கடலை விதைத்த மல்லாட்டைக் காட்டில் நின்று ஊதி ஊதி உதடு கிழிந்துதான் உன் அப்பா கற்றுக்கொண்டார்.

அவன் அடி எப்படி இருக்கும் என்று உனக்குப் பிளேட்டில் கேட்டுத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். பெரிய ட்ரம்மில் ஒரு அடி விழும். அடுத்த அடி விழவேண்டிய இடத்தில் விழாது. கேட்கிறவன் கால் அந்த இடத்தில் தானாக விழும். அவன் விட்ட அடியை ஊரே காலால் போட்டுக்கொள்ளும். அதனால்தான் அவன் அடித்தால் யாராலும் சும்மா நிற்க முடியாது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் இதைக் கேட்டுவிட்டுத்தான் இசைத்தட்டுக் கம்பெனி ஏஜெண்டு நம் சந்துக்கே தேடி வந்தார்.

ஆனால் அந்த அடி தேரடித் தெருவில் விழக் கூடாது. தெரு முனைக்கு வந்ததும் பறையை அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். ட்ரம்பெட்டைக் கோணிப்பைக்குள் போட வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் மறுமுனை வரை நடந்து, அங்கே போய் மறுபடி அடிக்க ஆரம்பிக்க வேண்டும். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கே அடிக்கக் கூப்பிட்டாலும் தெருமுனையோடு சரி. உள்ளே நாதஸ்வரம் எடுத்துக்கொள்ளும். விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடிப்பதற்காக உன் மாமா அந்தத் தெரு முழுக்கத் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே நடப்பான். நான் பார்த்திருக்கிறேன்.

பட்டணத்துக்கு நானும் கூடப் போனேன். படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், கம்பெனிக் காகிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும் என்று கூட்டிப்போனார்கள். அந்த அறையில் சுவரெல்லாம் கனத்த துணி தொங்கியது. நடுவில் ஒரு மைக்கு. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், அசையாமல் நின்று வாசியுங்கள் என்றார். நின்றார்கள். வாசித்தார்கள். செத்த பாம்பைப் போலக் கிடந்தது வாசிப்பு. மறுபடி, மறுபடி. உன் அப்பாவுக்கு மூச்சுப் பிடிக்கவில்லை. உன் மாமா ஒருத்தரையும் விடாமல் மணிக்கட்டில் அடித்தான், அப்போதும் வரவில்லை. கண்ணாடிக்காரர் வெளியே வந்து, "இன்னாப்பா, கோயில்ல அந்தப் போடு போட்டீங்கன்னு சொன்னாங்க, இங்க வந்து எழவு வூட்டுல உக்காந்தாப்ல இருக்கீங்க?" என்றார்.

"எழவு வூட்டுலயும் நாங்க உக்காந்து அடிக்கறதில்ல ஸார்," என்றான் ஏழுமலை. "நடந்துக்கினேதான் அடிப்போம். கால் நடந்தாத்தான் கை வரும்."

"நடந்தா சவுண்டு போயிடும்யா. மைக்கு உன் பின்னால நடந்து வருமா?"

"வர வேணாம் ஸார். அது நடுவுல நிக்கட்டும். நாங்க அத்தச் சுத்தி வரோம்."

அப்படித்தான் பதிவு நடந்தது. மைக்கைச் சுற்றி வட்டமாக, ஒருத்தன் முதுகை ஒருத்தன் பார்த்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்தார்கள். இரண்டாவது சுற்றில் அடி பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். நீ காதைக் கிட்டே வைத்துக் கேட்டால் ட்ரம்முக்கு அடியில் சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும். ஊசி தேய்ந்த சத்தம் என்று நீ ஒரு தடவை சொன்னாய். அது அவர்கள் கால்.

பிளேட்டு வெளியானபோது அதன் மேல் யார் பெயரும் இல்லை. திண்டிவனம் பேண்டு என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். ஏஜெண்டிடம் கேட்டேன். "பேரு போட்டா ஊரு தெரியும், ஊரு தெரிஞ்சா தெரு தெரியும். அப்புறம் யாரும்மா வாங்குவான்?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. வியாபாரம் தெரிந்தவர். அவர் சொன்னபடியே விற்றது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் காலையிலிருந்து அதுதான். பஸ் கண்டக்டர்கள் விசிலை அந்தத் தாளத்தில் ஊதினார்கள். உன் அப்பா ஒருநாள் அங்கே போய், நமக்கென்று வெளியே தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் கிளாஸில் டீ வாங்கிக் குடித்தபடி, "இந்த ட்ரம்பெட்டு நான் ஊதினதுங்க," என்றிருக்கிறார். ஓட்டல்காரர் சிரித்துவிட்டு, "நீ ஊதினியா? அப்ப நாந்தான் கம்பெனி ஓனரு. ஜல்தியா கிளாஸக் கழுவி வெச்சுட்டுக் கெளம்பு," என்றாராம். அப்பா கழுவி வைத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கோடையில் பெரிய வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். ஸ்பீக்கர் செட்டு வைத்தது கோட்டக்குப்பம் காதர் பாய். பந்தி முடிந்த பிறகு பையன்கள் அவரிடம் போய் அந்தத் திண்டிவனம் பிளேட்டைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். யார் வாசித்தது என்று பாய்க்குத் தெரியும். வாயைத் திறக்காமல் போட்டுவிட்டார். பட்டப்பகல். தெருவே ஆடியது. தாலி கட்டிய மாப்பிள்ளை ஆடினான். பெரிய வீட்டுக்காரரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு குதி குதித்தாராம்.

நம் ஆட்கள் தெருமுனையில் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு அடிக்க வந்தவர்கள், வேலை முடிந்து சோற்றுக்குக் காத்திருந்தார்கள். உன் மாமா தன் அடியைத் தானே கேட்டான். தெருவுக்குள் அத்தனை பேர் காலும், அவன் விட்ட அடியைப் போட்டுக்கொண்டிருந்தது. "மாமா, பாத்தியா? அவங்க நம்மளத்தான் ஆடறாங்க," என்றான். வேண்டாம்டா என்று உன் அப்பா சொன்னார். "கேக்கறதுக்குக் காது தொறந்துட்டாங்க. நடக்கறதுக்கா மூடிக்கப்போறாங்க?" என்று சொல்லிவிட்டுப் பறையை எடுத்தான். பிளேட்டோடு சேர்ந்து அடித்துக்கொண்டே தெருவுக்குள் நடந்தான். உன் அப்பா பைக்குள்ளிருந்து ட்ரம்பெட்டை எடுத்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். பிளேட்டில் இருப்பதும் இவர்கள் அடி, நேரில் அடிப்பதும் இவர்கள் அடி. ஆடுகிற கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஸ்பீக்கர் இன்னும் சத்தமாகப் பாடுவதாக நினைத்து இன்னும் வேகமாக ஆடினார்கள். கோயில் வாசல் வரை நம் ஆட்கள் அடித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அப்போது பிளேட்டு முடிந்தது. ஊசி ஓரத்தில் கீறிக்கொண்டு நின்றது. அடி நிற்கவில்லை.

அவர்களும் உடனே நிற்கவில்லை. கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டேதான் இருந்தார்களாம். ஆடிக்கொண்டே ஒருத்தன் திரும்பிப் பார்த்தான். "டேய், எவன்டா அது உள்ள வந்து அடிக்கறது?" ஏழுமலை அடித்துக்கொண்டே, "நாந்தாங்க. பிளேட்டுல இருக்கறதும் நாந்தாங்க," என்றான். சிரித்துக்கொண்டு சொன்னான் என்று உன் அப்பா சொல்வார். பயந்து சொல்லியிருந்தால் செருப்படியோடு விட்டிருப்பார்களோ என்று அவர் இன்னமும் யோசிக்கிறார். நான் யோசிப்பதில்லை. அவர்களுக்கு வந்த ஆத்திரம் அவன் உள்ளே வந்ததற்கு மட்டும் இல்லை. தாங்கள் ஆடியது யார் அடிக்கு என்று தெரிந்துபோனதற்கு. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அது தெரிந்துபோனதற்கு.

உன் அப்பா வாயிலிருந்து ட்ரம்பெட்டை எடுக்க விடவில்லை. ஊதுகிற நிலையிலேயே வைத்து, வாய்க்குள் இறங்கும்படி அதன் மறுமுனையில் கல்லால் அடித்தார்கள். முன்பற்கள் உள்ளே போயின. மற்றவர்களைத் தேர்ச்சக்கரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். ஏழுமலையைத் தரையில் போட்டு, ஆளுக்கு ஒரு கையை மிதித்துக்கொண்டு, வண்டிக் கட்டையால் விரல்களில் ஆரம்பித்தார்கள். அவன் கத்தினான். கத்தல் காலனிக்குக் கேட்டுவிடும் என்று பெரிய வீட்டுக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. காதர் பாயைப் பார்த்து, "பிளேட்டப் போடு" என்றார். பாய் காலில் விழுந்தார். பாயின் தலையில் ஒரு அடி போட்டு, மறுபடி, "போடுடா" என்றார்கள். போட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்கள். அவன் சத்தம் அடங்கும் வரைக்கும் அந்தப் பிளேட்டு பாடியது.

நான் அப்போது காலனியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பிளேட்டு திரும்பத் திரும்ப வந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "உன் தம்பி பிளேட்ட இன்னிக்கி வுட மாட்டாங்க போலக்கீது," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தத் தாளத்திலேயே துணியை அடித்துத் துவைத்தேன். எத்தனை தடவை பாடியதோ அத்தனை தடவையும் அதற்கு ஏற்றபடி கையை ஓங்கினேன். பாய் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து இதைச் சொன்ன நாளிலிருந்து நான் துணியைக் கல்லில் அடிப்பதில்லை. கசக்கித்தான் பிழிகிறேன். நீ ஹாஸ்டலிலிருந்து வந்து சோற்றுத் தட்டில் தாளம் போட்டபோது கரண்டிக் காம்பால் உன் விரலில் அடித்தேன், நகம் கறுத்துப்போனது. ஏன் அடித்தேன் என்று நீ கேட்டாய். பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

விழுப்புரம் கோர்ட்டில் வழக்கு நடந்தது. யாருமே கத்தல் கேட்கவில்லை, பாட்டுத்தான் கேட்டது என்று சாட்சிகள் சொன்னார்கள். பொய் இல்லை. காலனியிலிருந்து போன நானும் கூண்டில் ஏறி, "எனக்குப் பாட்டுத்தான் கேட்டது," என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் வக்கீல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நன்றி சொல்வது போல. எல்லாரும் விடுதலையானார்கள்.

இப்போது ஆட்சி மாறியிருக்கிறது, மேடைக்கு மேடை சமத்துவம் பேசுகிறார்கள், சின்னவரும் பேசுகிறார். உனக்கு நாற்காலி போடுகிறார். பாதி கிடைத்துவிட்டது, மீதி பிறகு கிடைக்கும் என்று நீ எழுதியிருக்கிறாய். எந்தப் பாதி கிடைத்தது என்று பார். நம் சத்தம் அவர்களுக்கு எப்போதும் வேண்டியிருந்தது. கையும் காலும்தான் வேண்டாம். அன்றைக்கும் பிளேட்டு தெருவுக்குள் போகத் தடை இல்லை, இன்றைக்கும் இல்லை. சின்னவர் உனக்குப் புதிதாக என்ன கொடுத்துவிட்டார்? அதுவும், அந்தப் பிளேட்டு அந்தத் தெருவில் கடைசியாக எதற்குப் பாடியது என்று அவருக்குத் தெரியும். அவர் அப்போது பதினெட்டு வயசுப் பிள்ளை, அங்கேதான் நின்றிருந்தார். தெரிந்தேதான் நம் ரிக்கார்டையே போடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

உன் அப்பா சங்கதி வேறு. அவர் பயந்து சொல்லவில்லை. அவரோடு நேற்று முழுக்கச் சண்டை போட்டேன். "நீயும் மானங்கெட்டுப் போயிட்டியா?" என்று கேட்டேன். அவர் பொக்கை வாயைத் துடைத்துக்கொண்டு, "மானமில்ல புள்ள. எனக்குப் பல்லு அந்தப் பிளேட்டுலதான் இருக்குது. என் மவன் கல்யாணத்துல நான் ஊதணும்னா அதப் போட்டாத்தான் உண்டு," என்றார். அதற்குமேல் நான் கத்தவில்லை. அவர் ஆசையில் தப்பு இல்லை. நம் சந்தில் பந்தல் போடுவோம், அங்கே நாள் முழுக்க அவர் ஊதியதைப் போடுவோம், நானே ஊசி மாற்றுகிறேன். தேரடித் தெருவில் போட விடமாட்டேன். அங்கே அது பாடினால் எனக்கு என் தம்பி கத்துவதுதான் கேட்கும்.

உனக்கு இரண்டு வழி சொல்கிறேன். பயமாக இருந்தால் பயம் என்று எழுது. விழுப்புரத்தில் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் பண்ணிக்கொள், நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன், ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். உயிரோடு இருக்க நினைப்பது கேவலம் இல்லை. அந்தப் பெண்ணையும் கேள், அவள் உடம்பும்தான் அங்கே வரப்போகிறது. தெருவுக்குள் வருவதென்றால் மேளத்தோடு வா. அடி விழலாம். போலீஸ் வரும், வந்தால் நம்மைத்தான் முதலில் பிடிக்கும். அன்று தேர்ச்சக்கரத்தில் கட்டப்பட்டவர்களில் அடிக்கிற கை உள்ளவர்களைப் போய்ப் பார்த்தேன். வருகிறோம் என்றார்கள். ஒருத்தர், "ஏழுமலை குச்சியால அடிக்காம இருந்தா செரி," என்றார். எல்லாரும் சிரித்தோம். பெரிய ட்ரம்முக்கு வார் கட்டித் தூக்க ஆள் வேண்டுமென்றால் நான் தூக்குகிறேன். எனக்கு அடிக்கத் தெரியாது, நடக்கத் தெரியும். இந்த இரண்டில் எதுவும் சம்மதம். பிளேட்டை முன்னால் அனுப்பிவிட்டு, வாயை மூடிக்கொண்டு அதன் பின்னால் நடப்பதற்கு மட்டும் நான் வரமாட்டேன்.

இதுவரை எழுதியதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மறைத்து எழுதியதாக இருக்க வேண்டாம் என்று. ட்ரம்பெட்டு வாய்க்குள் இறங்கிய இடம் வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். திரும்பி வந்து, மீதியையும் படி என்றார். படித்தேன். பெரிய ட்ரம்மை நான் தூக்குவதாகச் சொன்ன இடத்தில், "உன்னால முடியாது, வார் தோள அறுத்துடும்," என்றார். நான் கடிதத்தை மடிக்கப் போனபோது தடுத்துவிட்டுக் கேட்டார்: "ட்ரம்பெட்டுக்கு ஆளு யாரு?"

வளவனூரில் பேண்டு வாசிக்கிற ஒருத்தன் நன்றாக ஊதுவானாம், பெண் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தவன். அவனை ஒரு வாரம் முன்னதாக இங்கே அனுப்பி வை. அப்பா சொல்லிக் கொடுப்பார்.

அம்மா